ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்ல டர்போ ஏத்தியாச்சு, தனி இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எத வாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாளை ட்வின்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. நமக்கு பாளையங்கோட்டை. எங்கிட்ட உள்ள இன்டர்செப்டர் 650-ல ஒரு வருசமா டர்போ வேலை ஓடிட்டிருக்கு, மெக்கானிக்கல் வேலை முக்காவாசி முடிஞ்சிட்டு, இப்ப இசியு கிட்ட வந்து நிக்கேன். டர்போ பழைய ஸ்விஃப்ட் டீசல்ல வார கேபி35, ஸ்க்ராப்ல நல்ல கண்டிஷன்ல கெடச்சுது, வேஸ்ட்கேட் (பூஸ்ட கட்டுப்படுத்துற வால்வு) ஸ்பிரிங்க மெலிசா மாத்தி பூஸ்ட, அதாவது வெளிக்காத்துக்கு மேல டர்போ குடுக்க அழுத்தத்த, 7 பிஎஸ்ஐ-ல நிக்க வச்சிருக்கேன். ரெண்டு த்ராட்டில் பாடிக்கும் சேத்து ஒரு அலுமினிய ப்ளீனம் (காத்து சேருற பெட்டி) நானே வெல்ட் பண்ணினேன், முன்னால டர்போ காத்த ஆத்த சின்னதா ஒரு இன்டர்கூலர். இந்த இன்ஜின எடுத்ததுக்கு காரணமே கம்ப்ரஷன் 9.5 தான், கேடிஎம் 390 மாதிரி 12-க்கு மேல இருக்க இன்ஜின்ல நம்ம ஊரு பெட்ரோல ஊத்தி பூஸ்ட் குடுத்தா தாங்காது.

பிரச்சன என்னன்னா, ஸ்டாக் இசியுவ அப்படியே வச்சி மேல ஒரு பிக்கிபேக் பாக்ஸ் (இசியு சிக்னல கூட்டி குறைக்க டப்பா) மாட்டி பாத்தேன். பூஸ்ட் ஏறாத வரைக்கும் நல்லா ஓடுது. 4,500 தாண்டி பூஸ்ட் வந்ததும் இழுத்து இழுத்து விடுது, ஒயிட்பேண்ட் மீட்டர்ல (புகைய வச்சி காத்து-பெட்ரோல் கலவைய அளக்கது) லாம்டா 1.05 காட்டுது, 1-க்கு மேல போனா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். அத பாத்ததும் த்ராட்டில மூடிட்டேன், அதுக்கு பொறவு வண்டிய எடுக்கல.

ஸ்பீடுயினோ, மைக்ரோஸ்குவர்ட், இசியுமாஸ்டர் இஎம்யு பிளாக் இந்த மூணு இசியுவையும் பத்தி படிச்சி படிச்சி மண்டை காஞ்சி போச்சி. சென்சார், வயரிங், காயில் எல்லாம் சேத்து 60 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும். சோல்டரிங் நல்லா வரும், ட்யூனிங் இதுவரைக்கும் பண்ணினது கிடையாது. எத எடுக்க?

முத்துநகர் வயரிங்:
தம்பி, 1.05 பாத்ததும் மூடினீயே அது ரொம்ப நல்ல காரியம். பூஸ்ட்ல அந்த லாம்டாவோட நாலு நாள் ஓட்டிருந்தா பிஸ்டன் போயிருக்கும்.

இசியு எதுன்னு கேக்கதுக்கு முன்னால ஏன் லீன் (பெட்ரோல் கம்மி) ஆச்சின்னு பாரு, ஏன்னா புது இசியு போட்டாலும் இதுல ஒரு பாதி அப்படியே நிக்கும். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு மேப் சென்சார், இன்டேக் காத்து அழுத்தத்த அளக்கது. டர்போ இல்லாத வண்டில வார சென்சார் வெளிக்காத்து அழுத்தம் வரைக்கும் தான் அளக்கும், 100, மிஞ்சிப்போனா 115 கேபிஏ. நீ குடுக்கது 7 பிஎஸ்ஐ, அதாவது 150 கேபிஏ. 115-க்கு மேல என்ன நடக்குன்னே அந்த இசியுவுக்கு தெரியாது, பிக்கிபேக்கும் அதே சிக்னல பாத்து தான் கூட்டி குறைக்கு. அதனால 250 கேபிஏ வரைக்கும் அளக்க சென்சார் கட்டாயம் வேணும்.

ரெண்டாவது காரணத்த நெறய பேரு விட்டுருதாங்க, ஃபூயல் ப்ரஷர். பைக்ல ரெகுலேட்டர் டேங்க்குள்ள பம்ப்போடவே இருக்கும், ரிட்டர்ன் லைன் கிடையாது, வெளிக்காத்துக்கு எதிரா ஒரே அழுத்தத்துல நிக்கும். 3 பார்னு வச்சிக்கோ. இன்டேக்குக்குள்ள அரை பார் பூஸ்ட் வந்தா இன்ஜெக்டருக்கு மேலயும் கீழயும் உள்ள வித்தியாசம் 2.5 பார் தான். இன்ஜெக்டர் ஃப்ளோ அந்த வித்தியாசத்தோட வர்க்கமூலத்த ஒட்டி போவும், அப்ப கிட்டத்தட்ட 9 சதவீதம் பெட்ரோல் கொறையும், எப்ப கூட வேணுமோ அப்ப கொறையும். அதுக்கு ப்ளீனத்துலேந்து ஒரு ஹோஸ் போட்டு பூஸ்டுக்கு சமமா ஏறுற ரெகுலேட்டர் வைக்கணும், ரிட்டர்ன் லைன் டேங்குக்கு போவணும். இசியு வாங்குததுக்கு முன்னால இந்த வேலைய முடி.

பாளை ட்வின்:
அண்ணாச்சி ரெகுலேட்டர் விசயம் சத்தியமா எனக்கு தெரியாது. டேங்க கழட்டி ரிட்டர்ன் பைப் வெல்ட் பண்ண குடுத்துருதேன். இன்ஜெக்டரும் மாத்தணுமா?

முத்துநகர் வயரிங்:
கணக்கு போட்டு பாரு. ஸ்டாக் 47 குதிரை, உனக்கு 65 வேணும்னு வச்சிக்கிடுவோம். டர்போ இன்ஜின் ஒரு குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும்னு எடுத்தா 39 பவுண்டு. ரெண்டு சிலிண்டருக்கு ஆளுக்கு 19.5, இன்ஜெக்டர 80 சதவீதத்துக்கு மேல தொறந்து வைக்கக் கூடாதுங்கதால 24.4, அது நிமிசத்துக்கு 256 சிசி. இப்ப பம்புல வாரது எத்தனால் கலந்த இ20, சும்மா பெட்ரோல விட 8, 9 சதவீதம் கூட ஊத்தணும், அப்ப 280 ஆச்சி. 300 சிசி இன்ஜெக்டர் எடு. அதுக்கு மேல பெருசா போனா ஐடில் ஒழுங்கா நிக்காது.

நாஞ்சில் ட்ராக்:
நாகர்கோவில்லேந்து. நான் சொல்லுதது கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க தம்பி.

சேனல் எத்தன, உள்ள என்ன ப்ராசசர்னு பாத்து இசியு எடுக்காதீங்க. உங்க இன்ஜினுக்கு ரெண்டு இன்ஜெக்டர், ரெண்டு காயில், அவ்வளவு தான், மூணு இசியுவும் அத செய்யும். இஎம்யு பிளாக் போலந்துக்காரன் பண்ணுதது, உள்ளயே 4 பார் மேப் சென்சார், ஒயிட்பேண்ட் கன்ட்ரோலர், நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சி தட்டுறது) கண்டுபிடிக்க இன்புட் எல்லாம் இருக்கு, ரொம்ப நல்ல சாமான். ஆனா 6 இன்ஜெக்டர் 6 இக்னிஷன் உள்ளத ட்வின்னுக்கு வாங்கி, கஸ்டம்ஸும் கட்டினா உங்க 60 ஆயிரம் அதுலயே தீந்துரும், காயிலுக்கும் ரெகுலேட்டருக்கும் எங்க போவீங்க?

உங்க இன்ஜின் என்ன கேக்குன்னு பாருங்க. கிராங்க் 270 டிகிரி. ஒரு சிலிண்டர் அடிச்சி 270 டிகிரில அடுத்தது அடிக்கும், அதுக்கு பொறவு 450 டிகிரி சும்மா சுத்தும். அந்த சத்தம் நமக்கு பிடிக்கதே அதனால தான். ஆனா இசியுவுக்கு இது ஆட் ஃபயர் இன்ஜின், சம இடைவெளின்னு செட் பண்ணினா ஒரு சிலிண்டர் சரியா அடிக்கும் இன்னொண்ணு தப்பான இடத்துல அடிக்கும், பூஸ்ட்ல அது கொலை. ஸ்பீடுயினோவிலயும் மைக்ரோஸ்குவர்ட்லயும் ஆட் ஃபயர் கோணம் குடுக்கலாம். ஒத்த காயில்ல ரெண்டு பிளக்க சேத்து வேஸ்டட் ஸ்பார்க் (ஒரே நேரத்துல ரெண்டு பிளக்லயும் ஸ்பார்க்) அடிக்க முடியாது, தனித்தனி காயில் வேணும். தனித்தனியா இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் அதது இடத்துல அடிச்சிட்டு போவும், கேம் சென்சார் தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது கிராங்க் சிக்னல். சைடு கவர கழட்டி ரோட்டர்ல எத்தன பல் இருக்கு, எத்தன பல் இல்லாம இடைவெளி விட்டிருக்கு, அந்த இடைவெளிலேந்து டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வார இடம்) எத்தன டிகிரின்னு அளந்து எழுதி வச்சிக்கிடுங்க. இணையத்துல எவனோ போட்ட நம்பர நம்ப வேண்டாம். புது இசியு போட்டு ஸ்டார்ட் ஆவலன்னு புலம்புதவங்கள்ல முக்காவாசி பேருக்கு கோளாறு இங்க தான் இருக்கும்.

மூணாவது மேப் சிக்னல். ரெண்டு த்ராட்டில் பாடி, அதுலயும் இந்த மாதிரி இடைவெளில இழுக்க இன்ஜின்ல வேக்குவம் குதியா குதிக்கும். ரெண்டு ரன்னர்லேந்தும் சின்ன ஹோஸ் எடுத்து ஒரு சின்ன டப்பால சேத்து, அங்கேருந்து சென்சாருக்கு போங்க, நடுவுல ஒரு சன்ன ஜெட் (சின்ன ஓட்ட உள்ள அடைப்பு) வைங்க. அப்பவும் பூஸ்ட் இல்லாத இடத்துல த்ராட்டில் பொசிஷன வச்சி ஃபூயல் குடுக்கதும், பூஸ்ட்ல மேப்ப வச்சி குடுக்கதும் தான் ஒழுங்கா வரும், ரெண்டு இசியுவிலயும் ரெண்டாவது ஃபூயல் டேபிள் இருக்கு.

1980கள்ல ஜப்பான்காரன் நாலு கம்பெனியும் டர்போ பைக் விட்டான். 1982-ல வந்த ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவும் ஒரு ட்வின் தான், 497 சிசி, அந்த காலத்துலயே கம்ப்யூட்டர் ஃபூயல் இன்ஜெக்ஷன் வச்சான். யமஹா எக்ஸ்ஜே650 டர்போ கார்புரேட்டர்லயே வந்துது. அத நெனச்சா நம்ம கைல இன்னைக்கி இருக்கது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா. எனக்கு இத பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது.

குற்றாலச் சாரல்:
நான் மூணு வருசமா ஸ்பீடுயினோ தான் ஓட்டுதேன் (டர்போ கிடையாது, பழைய சிங்கிள் ஒண்ணு). அர்டுயினோ மெகா 2560 போர்டு மேல நிக்கிது, எல்லாம் ஓப்பன் சோர்ஸ், போர்டுலயே 250 கேபிஏ மேப் சென்சார் போட்டுக்கிடலாம், கெட்டுப்போனா நம்மளே மாத்தலாம். சோல்டரிங் வருங்கறவனுக்கு அத விட என்ன வேணும்? காசும் மிச்சம்.

நாஞ்சில் ட்ராக்:
அண்ணாச்சி சொல்லுதது நெசம் தான், கத்துக்கிட அத விட நல்லது இல்ல. ஆனா தம்பி வண்டில இசியு சீட்டுக்கு அடில இருக்கப்போவுது, ட்வின் அதிர்வு, மழை, அதுல ஒண்ணு மேல ஒண்ணா குத்தி நிக்க போர்ட எப்படி சீல் பண்ணுவாங்க? உங்க ஊரு சாரல்ல நீங்க எப்படி சமாளிக்கீங்க?

குற்றாலச் சாரல்:
அலுமினிய பெட்டி, மூடிக்கு ரப்பர் கேஸ்கட், போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாம மேல பூசுற பூச்சு). முதல் வருசம் அது இல்லாம ஜூன் மாசம் ஐந்தருவிக்கு போயிட்டு வரும்போது வழில நின்னுட்டு, கனெக்டருக்குள்ள தண்ணி. அதுக்கு பொறவு பிரச்சன வரல. ஆனா நீங்க கேக்கதும் நியாயம் தான், டர்போ வண்டி பூஸ்ட்ல இருக்கும்போது சிக்னல் ஒரு நொடி விட்டுப்போனாலும் விலை பெருசு. தம்பிக்கு மைக்ரோஸ்குவர்ட்டே சரின்னு எனக்கும் படுது. அது சீல் பண்ணின பெட்டி, 35 பின் ஆம்ப்சீல் கனெக்டர், ரெண்டு இன்ஜெக்டர் ரெண்டு இக்னிஷன்னு இந்த வண்டிக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி. மேப் சென்சார் மட்டும் உள்ள கிடையாது, வெளிய வாங்கி மாட்டணும். ரெண்டுக்கும் ட்யூனர்ஸ்டுடியோ தான் சாஃப்ட்வேர், அதனால ட்யூனிங்ல உதவி வேணும்னா நானும் லாக்க (ஓடும்போது இசியு பதிவு பண்ணின டேட்டா) பாத்து சொல்ல முடியும்.

முத்துநகர் வயரிங்:
நானும் அதுக்கு தான் ஓட்டு. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டார்ட் ஆவலன்னா லாக் ஃபைல அனுப்பி கேக்க இந்த பக்கம் நாலு பேரு இருக்காங்க பாரு, அதுவும் இசியு எடுக்கும்போது பாக்க வேண்டிய விசயம்.

காயில் வாங்கும்போது உள்ளயே இக்னைட்டர் (காயில் கரண்ட போட்டு நிறுத்துற சுவிட்ச்) இருக்கதா பாத்து வாங்கு. சாதா காயில இசியு சிக்னல் வயர்ல நேரா கொடுத்தா போர்டு புகைஞ்சிரும், என் கையாலயே ஒரு போர்ட அப்படி எரிச்சிருக்கேன், இன்னைக்கும் வருத்தமா இருக்கு. சென்சார் கிரவுண்டு எல்லாத்தையும் இசியுவுக்கே கொண்டு போ, பவர் கிரவுண்டு இன்ஜின் பிளாக்ல ஒரே போல்ட்டுல நிக்கட்டும். கிராங்க் சென்சார் வயர் ஷீல்டு உள்ளதா இருக்கணும், ஷீல்ட ஒரு பக்கம் மட்டும் கிரவுண்டு பண்ணு. பிளக் ரெசிஸ்டர் உள்ளது, ஒரு படி கோல்டு (சூட சீக்கிரம் கடத்துற ரகம்), கேப் 0.6 மில்லிமீட்டர். வண்டி சாஞ்சா பம்ப்ப நிறுத்துற சென்சாரையும் பம்ப் ரிலேவோட சேத்து போட்டுரு, ஸ்டாக் இசியுவ கழட்டும்போது அது செய்த காவல் வேலையும் சேந்து போயிரும்.

நாங்குநேரி ரோடு:
ஒரு விசயம் தம்பி, கோச்சுக்கிடாத. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு படி கம்பெனி குடுத்ததுலேந்து வண்டிய மாத்தக் கூடாது. டர்போ போட்ட வண்டிய நாலு வழிச் சாலைல ஏத்தி ஏதாவது ஆச்சின்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கு வண்டில ஏத்திட்டு போயி அங்க ஓட்டு. அடுத்தவன் வீட்டு புள்ளையும் அந்த ரோட்டுல தான் வருது.

பாளை ட்வின்:
இல்ல அண்ணாச்சி, கோவமே இல்ல. ட்ராக்குக்கு தான், ரோட்டுல ஓட்ட ஆர்சி உள்ள வண்டி எனக்கு தனியா இருக்கு. மைக்ரோஸ்குவர்ட்டே ஆர்டர் போட்டுட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வந்ததும் எழுதுதேன்.

பாளை ட்வின்:
ஏழு வாரம் கழிச்சி வாரேன், வயரிங் முழுசா முடிச்சாச்சி. ரெகுலேட்டர் போட்டாச்சி, ஹோஸுக்கு கைப்பம்புல அரை பார் குடுத்து பாத்தேன், ஃபூயல் ப்ரஷரும் கரெக்டா அரை பார் ஏறுது. ஆனா ஸ்டார்ட்டர் அடிச்சா ஆர்பிஎம் 200, 900, பூஜ்யம்னு குதிக்கி, ட்யூனர்ஸ்டுடியோல சிங்க் லாஸ் (கிராங்க் எங்க நிக்குன்னு இசியு தவறவிட்டது) எண்ணிக்கை ஏறிட்டே போவுது. பல்ல மூணு தடவ எண்ணியாச்சி, செட்டிங் சரி தான்.

நாஞ்சில் ட்ராக்:
கிராங்க் சென்சார் ரெண்டு வயர் உள்ள விஆர் (காந்த) வகை தானே? ரெண்டு வயரையும் மாத்தி போடுங்க. தலைகீழா இருந்தா பல் இல்லாத இடைவெளிய இசியு தப்பா படிக்கும். பிடிச்சிட்டுன்னா உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஸ்பார்க் டைமிங்க 10 டிகிரில மாறாம நிக்க வச்சி, இன்ஜெக்டர் கனெக்டர கழட்டி, டைமிங் லைட் அடிச்சி ரோட்டர் மார்க்க ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனியா பாருங்க. லைட்ல 10 இல்லாம இசியு 10-னு சொன்னா ஸ்கிரீன்ல உள்ள டேபிள் எதுக்கும் அர்த்தம் இல்ல.

பாளை ட்வின்:
அண்ணாச்சி பிடிச்சிட்டு!! வயர மாத்தினதும் 240 ஆர்பிஎம் ஆடாம நிக்கி. டைமிங் 4 டிகிரி தள்ளி இருந்துது, கோணத்த திருத்தி ரெண்டு சிலிண்டரும் 10-ல நிக்கி. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் ஆச்சி, அம்மா வெளிய வந்து பாத்துட்டு போனாங்க.

குற்றாலச் சாரல்:
சந்தோசம் தம்பி. இனி அவசரப்படாத. பூஸ்ட் இல்லாத இடத்த முழுசா ட்யூன் பண்ணிட்டு தான் பூஸ்டுக்கு போ. ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் விகிதம்) பாக்காத, லாம்டாவா பாரு, இ20-க்கு சரிக்கலவை 13.5 பக்கம், மீட்டர் சும்மா பெட்ரோலோட 14.7 கணக்குல காட்டினா குழம்பிருவ. பூஸ்ட்ல 0.80. ஒவ்வொரு பிஎஸ்ஐ-க்கும் ஸ்டாக் டைமிங்லேந்து ஒரு டிகிரி கொறைச்சி ஆரம்பி, 95 ஆக்டேன் ஊத்து. 170 கேபிஏ தாண்டினா ஃபூயல் கட் வை. ஏர் கூல்டு இன்ஜின்ல வால்வு சத்தத்துல நாக் சென்சார் ஏமாந்துரும், ஒரு செம்புக் குழாய ஹெட் போல்ட்ல மாட்டி ஹோஸ் வழியா காதுல கேக்கது தான் பழைய வழி, அதையே செய்.

பாளை ட்வின்:
முதல் பூஸ்ட் லாக் இணைச்சிருக்கேன், 4 பிஎஸ்ஐ-ல த்ராட்டில மூடிட்டேன். லாம்டா 0.79, நாக் எதுவும் காதுல கேக்கல. ஒண்ணு தான் இடிக்கி, இன்டேக் காத்து 41-ல ஆரம்பிச்சி அந்த ஒரு இழுப்புல 43 தான் ஆச்சி. மத்தியான வெயில்ல இவ்வளவு கம்மியா ஏறுமா?

முத்துநகர் வயரிங்:
ஏறாது. டர்போ 4 பிஎஸ்ஐ அமுக்கினா அத விட நெறய சூடாவும், இன்டர்கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சட்டுனு ரெண்டு டிகிரில நிக்காது. எந்த காத்துச் சூடு சென்சார் போட்டிருக்க, முனை மூடின தலையா, காத்து நேரா படுற தொறந்த தலையா? ப்ளீனத்துல எங்க குத்திருக்க? போட்டோ போடு, அத பாக்காம 7-க்கு போவாத.

பாளை ட்வின்:
மூடின பித்தள தலை தான் அண்ணாச்சி, ப்ளீனம் அலுமினியத்தோட ஒட்டி இருக்கு, அதான் காத்து சூட சட்டுனு காட்டல போல. தொறந்த தலை சென்சார் ஆர்டர் போட்டுட்டேன், வியாழக்கிழமை வருது. அது வரைக்கும் 4-லயே நிக்கேன்.