அலுமினியக் கேன்களைச் சேர்த்து விற்பது: உபரி வருமானமா, வீண் அலைச்சலா?

எடைக்கல்:
வேலை நேரம் போக மீதிப் பொழுதில் காலியான பானக் கேன்களைச் சேர்த்து எடைக்குப் போட்டால் கையில் கொஞ்சம் காசு புரளும் என்று பலரும் சொல்லி வருகிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. இன்று புழக்கத்தில் உள்ள 330 மில்லி கேன் ஒன்றின் எடை சுமார் 13 கிராம்தான். அப்படியானால் ஒரு கிலோ சேர்வதற்கு ஏறக்குறைய 77 கேன்கள் வேண்டும். நசுக்காத 150 கேன்களைப் போட்டாலே ஒரு பெரிய சாக்கு வாய்வரை நிரம்பிவிடும். அதைத் தராசில் ஏற்றினால் இரண்டு கிலோவைக்கூட எட்டாது. 1970களின் தொடக்கத்தில் 355 மில்லி கேன் ஒன்று 20 கிராம் அளவுக்கு இருந்தது. தயாரிப்பாளர்கள் அதன் சுவரைத் தேய்த்துத் தேய்த்து இன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேன் விற்றே கைச்செலவைச் சமாளித்தவர்களின் கதைகளில் பல அந்தக் கனமான கேன்களின் காலத்தவை என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. பொறுக்குவது, கழுவுவது, நசுக்குவது, சுமந்து போவது என எல்லா நேரத்தையும் கூட்டி, வந்த பணத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். எந்தக் கூலி வேலையும் அதைவிட மேலாகத் தோன்றும்.

மாலைநேரத்தான்:
தங்கள் எடைக் கணக்கில் பிழை இல்லை, ஐயா. நேரக் கணக்கில்தான் இடறுகிறது. கேனுக்காகவே வீட்டை விட்டுக் கிளம்பி, தெருத்தெருவாக அலைபவரை மனத்தில் வைத்து நீங்கள் வகுக்கிறீர்கள். என்னைப் போன்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் ஓய்வறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். குடித்தவர்களே அதில் போட்டுவிடுகிறார்கள். விழா, விளையாட்டுப் போட்டி என்று கூட்டம் கூடும் இடங்களில் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்தால், மேசைகளை ஒழிக்கும்போதே சாக்கு சாக்காகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கும் குப்பைச் சுமை குறையும். கேன் தானாக வந்து குவியும் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. அந்த இடம் கிடைக்காதவருக்கு உங்கள் கணக்குப் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை.

வார்ப்படக்காரர்:
உலோகம் உருக்கும் பட்டறையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் இடையில் நுழைகிறேன். இந்தக் கேன்களை வாங்குபவர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் விலையின் நியாயமும் புரியும். பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு, பழைய உலோகத்தை உருக்கும்போது மிச்சமாகிறது. அதனால் பழைய உலோகத்துக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் கேன் ஒரே உலோகத்தால் ஆனதன்று: உடலில் மாங்கனீசு கலந்த ஒரு கலவை, மூடியில் மக்னீசியம் கூடுதலாக உள்ள இன்னொரு கலவை, உட்புறம் மெல்லிய அரக்குப் பூச்சு, வெளியே மை. இவ்வளவையும் உருக்குபவர் கணக்கில் எடுத்துக்கொள்வதால்தான், பூச்சில்லாத சுத்தமான அலுமினிய மின்கம்பிக்கும் அலுமினியச் சன்னல் சட்டத்துக்கும் கேனைவிடப் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கொண்டுபோனால் கடைக்காரர் மூன்றுக்கும் மட்டமான விலையைத்தான் போடுவார்.

காந்தச் சோதனையையும் பலர் தவறாகவே செய்கிறார்கள். இரும்புத் தகட்டால் ஆன சில கேன்களுக்கு மூடி மட்டும் அலுமினியமாக இருக்கும். மூடியில் காந்தத்தை வைத்துவிட்டு ஒட்டவில்லை என்று சாக்கில் போட்டால், தராசுக்கு முன்னால் அவமானம்தான். காந்தத்தை விலாவில் வைத்துப் பாருங்கள்.

எடைக்கல்:
வார்ப்படக்காரர் சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தரம் பிரிப்பதும் ஒரு வேலைதானே, அதற்கும் நேரம் ஆகுமல்லவா? விலையோ நம் கையில் இல்லை. உலகச் சந்தையில் 2008 ஜூலையில் டன்னுக்கு 3000 டாலருக்கு மேல் விற்ற அலுமினியம், 2009 தொடக்கத்தில் 1500 டாலருக்கும் கீழே போனது. விலை ஏறட்டும் என்று மூட்டைகளை அடுக்கி வைத்தவர்கள் அப்போது என்ன செய்திருப்பார்கள்? போதாததற்கு, கழுவாத கேனின் அடியில் தங்கும் இனிப்புத் திரவம் இரண்டொரு நாளில் புளித்து, எறும்பும் குளவியும் மொய்க்கத் தொடங்கும். சிகரெட் துண்டுகள் ஊறிக் கிடக்கும் கேனைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

மாலைநேரத்தான்:
பாத்திரம் அலசிய நீரிலேயே ஒரு முக்கு முக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் எறும்பு வராது. விலை ஏறுவதற்காகக் காத்திருப்பதை நானும் ஆதரிக்கவில்லை. இடம் நிரம்பியதும் விற்றுவிட வேண்டும். ஆனால் எல்லா இடங்களிலும் எடைக்கு விற்பதுதான் வழி என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971இல் வைப்புத்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 2003 முதல் கேனுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை பிடிக்கிறார்கள். பானத்தை வாங்கும்போது அந்தத் தொகையையும் கட்டி, காலிக் கேனைத் திருப்பிக் கொடுக்கும்போது பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே 13 கிராம் உலோகத்தின் விலையைவிட வைப்புத்தொகை பல மடங்கு அதிகம். தராசுக்கே அங்கு வேலையில்லை, எண்ணிக்கைதான் பேசும். இப்படிப்பட்ட ஏற்பாடு உள்ள இடத்தில் ஒருவர் உங்கள் கிலோக் கணக்கைப் படித்துவிட்டுக் கேனைக் குப்பையில் எறிந்தால் அவருக்கு நட்டம்.

வார்ப்படக்காரர்:
இதில் ஓர் எச்சரிக்கை. எடைக்கு விற்பவர் நசுக்கினால் இடம் மிச்சம். வைப்புத்தொகை வாங்குபவர் நசுக்கவே கூடாது. காலிக் கேனைத் திரும்பப் பெறும் கருவி, பக்கவாட்டில் உள்ள பட்டைக்கோட்டை (பார்கோடு) படிக்க முடியாவிட்டால் கேனை ஏற்காது.

நிழல்மரம்:
இதுவரை பேசிய மூவரும் வருமானத்தை மட்டுமே பேசினீர்கள். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் உபரிக்காகக் கேன் சேர்க்கப் புறப்படும்போது, அதையே நம்பி அடுப்பு மூட்டுபவரின் பங்கிலிருந்துதான் எடுக்கிறார். மாலைநேரத்தான் சொன்ன அந்த விழாக்களின் முடிவில், சாக்குடன் வாசலில் காத்து நிற்கும் முதியவர்களை அவர் பார்த்திருக்கக்கூடும். ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவைக்கும் செல்வாக்கு அவர்களுக்குக் கிடையாது. சில நகரங்களில் மக்கள் காலிக் கேனைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள், எடுப்பவர் தொட்டிக்குள் கைவிட்டுக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நமக்குத் தேவையில்லாத காசை அப்படி விட்டுவிடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

மாலைநேரத்தான்:
தெருவில் கிடப்பதையும் பொதுத் தொட்டியில் இருப்பதையும் நான் தொடுவதில்லை. அந்த அளவுக்கு உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஓய்வறைப் பெட்டியில் விழுவது நான் எடுக்காவிட்டால் எந்த முதியவரிடமும் போகாது, நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும். விழாவைப் பொறுத்தவரை உங்கள் கேள்வி நியாயமானது. அடுத்த முறை ஏற்பாட்டாளரிடம் பேசும்போது வாசலில் நிற்பவர்களையும் உள்ளே விடச் சொல்லிக் கேட்பேன், கேட்டால் நடக்குமா என்பது வேறு விஷயம். அது போகட்டும், வார்ப்படக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டிலேயே உருக்கிக் கட்டியாக விற்றால் கூடுதல் விலை வரும் என்று சில காணொளிகளில் காட்டுகிறார்களே?

வார்ப்படக்காரர்:
வேண்டவே வேண்டாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும் என்பதால் அது எளிதாகத் தோன்றுகிறது. இவ்வளவு மெல்லிய தகடு காற்றுபடச் சூடாகும்போது அதில் கணிசமான பகுதி ஆக்சைடாக மாறிக் கசடாகப் போய்விடும். மேல்பூச்சு எரிந்து வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. எல்லாவற்றையும்விட மோசமானது ஈரம்: உருகிய உலோகத்துக்குள் உட்புறம் நனைந்த ஒரு கேனைப் போட்டால், நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும். இவ்வளவுக்கும் பிறகு கடைக்குக் கொண்டுபோகும் கட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் அவர் கேனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே கேட்பார்.

எடைக்கல்:
ஓய்வறைப் பெட்டியை ஏற்கிறேன், வைப்புத்தொகை உள்ள ஊர்களையும் என் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறேன். எஞ்சியிருப்பது எடைக்கு விற்கும் ஊரில், கேனுக்காகவே நடக்கும் ஆள். அவரைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. நேரம் இருந்தால் அவர் கேனை விட்டுவிட்டு, வீடு இடிக்கும் இடங்களில் கேட்டு வாங்கிப் பழைய சன்னல் சட்டங்களைச் சேர்க்கட்டும். ஒரே ஒரு சட்டத்தின் எடைக்கே எத்தனையோ கேன்களுக்குக் குனிய வேண்டியிருக்கும்.

மாலைநேரத்தான்:
சன்னல் சட்டத்தை மிதிவண்டியில் எப்படிக் கட்டுவது என்பதையும் அடுத்த பதிவில் விளக்கிவிடுங்கள், ஐயா.