ஷார்ம் எல் ஷேக் போனவங்க அனுபவம் சொல்லுங்க, மொதல்ல நான் வாங்குன பல்பு

தூத்துக்குடிக்காரன்:
மக்களே, எகிப்துன்னா எல்லாரும் பிரமிடு பக்கம் தான் போறீங்க, நாங்க துபாய்ல இருந்து நாலு பசங்க போன நவம்பர்ல சினாய் தீபகற்பத்தோட தெக்கு மூலைல இருக்க ஷார்ம் எல் ஷேக் போயிட்டு வந்தோம், செங்கடல் ஓரம், ஆறு நாள். தூத்துக்குடில பொறந்துட்டு எனக்கு நீச்சல் அரைகுறை தான், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க.

நம்ம ஊரு பீச் மாதிரி பேண்ட மடக்கிட்டு கால நனைக்கலாம்னு நெனச்சா அது நாங்க தங்குன ஹோட்டல்ல நடக்கல, கரைலயே பவளப்பாறை ஆரம்பிச்சிடுது, அத மிதிக்கக் கூடாதுன்னு மெதக்குற பாலம் ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க, அது முடியுற எடத்துல ஏணி, எறங்குனா நேரா ஆழம். எனக்கு அங்கேயே வயித்த கலக்கிருச்சு.

மறுநாள் ராஸ் முகமதுங்கற எடத்துல ஸ்கூபா டைவிங், அதான் முதுகுல காத்து சிலிண்டர கட்டிட்டு கடலுக்கு அடில போறது. அந்த எடத்த 1983லயே நேஷனல் பார்க் ஆக்கிட்டாங்க. டைவிங் சர்டிபிகேட் இல்லாதவங்கள 12 மீட்டருக்கு மேல எறக்க மாட்டாங்க, எனக்கு 3 மீட்டர்லயே காது ரெண்டும் குத்த ஆரம்பிச்சிருச்சு, இன்ஸ்ட்ரக்டர் மூக்க பிடிச்சு ஊதுன்னு சைகை காட்டுறாரு, நான் மாஸ்க்க அழுத்தி தண்ணி உள்ள விட்டு, ஒரே களேபரம். அப்பறம் டப்புன்னு காது தெறந்துச்சு பாருங்க, அதுக்கு மேல நம்ம மூச்சு சத்தம் மட்டும் தான். பாறை இடுக்குல நீலப்புள்ளி போட்ட திருக்கை ஒண்ணு மண்ணுக்குள்ள பாதி பொதஞ்சு கண்ண மட்டும் வெளிய வெச்சு என்னையே பாத்துட்டு கெடந்துச்சு. சந்தைல கூறு போட்டு பாத்த மீனு, உசுரோட பாக்கறது அன்னிக்கு தான்.

இப்ப மெயின் மேட்டர். ரெண்டு டைவ் முடிச்சு போட்ல டீ குடிச்சிட்டு இருந்தோம், அடுத்து என்ன ப்ளான்னு இன்ஸ்ட்ரக்டர் கேட்டாரு. இன்னிக்கு நைட்டே மவுண்ட் சினாய் ஏறப்போறோம்னு பெருமையா சொன்னோம். மனுசன் கிளாஸ கீழ வெச்சுட்டு நோ நோ ஹபிபின்னு கத்துறாரு. ஊட்டிக்கு போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கும்ல, மேல போகப் போக காத்தழுத்தம் கொறையுதுல்ல, அதே கதை தான் நம்ம ஒடம்புக்கும். கடலுக்கு அடில இருக்க அழுத்தத்துல, மூச்சு காத்துல இருந்து ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற டைம் வேணும், அதுக்குள்ள மலை ஏறுனா குமிழா கெளம்பி மூட்டு வலில இருந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம். மலையடிவாரத்துல இருக்க செயின்ட் கேத்தரின் ஊரே 1500 மீட்டருக்கு மேல, உச்சி 2285 மீட்டர். பல டைவ் அடிச்சா ப்ளைட்டுக்கு 18 மணி நேரம் கேப் விடணும்கறது தெரியும், மலைக்கும் அதே தான்னு நாலு பேர்ல ஒருத்தனுக்கும் தோணல. ரெண்டையும் சேத்து பேக்கேஜா வித்த ஏஜெண்டும் வாயே தெறக்கல. கேன்சல் பண்ணுப்பான்னு மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் விழுது, காசு போச்சு.

அந்த நைட்டு வேற வழியில்லாம ஷார்ம்லயே கடைங்க நெறஞ்ச நாமா பே பக்கம் போனோம். ஷிஷா (ஹூக்கா), லைட்டு, காது கிழியுற மியூசிக், எட்டடிக்கு ஒருத்தன் "இந்தியா? அமிதாப் பச்சன்!"னு கைய புடிச்சு கடைக்குள்ள இழுக்கறான். எங்காளு ஒருத்தன் பேப்பிரஸ் ஓவியம்னு, அதான் பழைய எகிப்துக்காரங்க கோரைல செஞ்ச காகிதத்துல வரைஞ்சதுன்னு, ஒண்ணு வாங்குனான், வந்து பாத்தா வாழ நாரு. வாழத்தோட்டக்காரன் பையனுக்கே வாழ நார வித்துட்டான்யா.

ரெண்டு நாள் கழிச்சு திரும்ப காசு கட்டி மலை ஏறுனோம். நடுராத்திரி 1 மணிக்கு கும்மிருட்டுல டார்ச் வெளிச்சத்துல நடக்குறோம், பக்கத்துல இருட்டே "கேமல்? கேமல்?"னு பேசுது, திரும்பி பாத்தா மூஞ்சிக்கு நேரா ஒட்டகம். கடைசி 750 படி கால் கழண்டுருச்சு. ஷார்ட்ஸ்ல வந்த ஒருத்தன் உச்சில வாடகை கம்பளிக்குள்ள சுருண்டுட்டான், அந்த கம்பளில ஒட்டக வாடை வேற. ஆனா சூரியன் வந்தப்ப சுத்தி இருந்த மலை எல்லாம் செம்மண் கலருக்கு மாறுச்சு, யாரும் ஒரு அஞ்சு நிமிசம் பேசல.

பாலைவனப்பூனை:
அய்யோ நானும் அதே ஆர்டர்ல தான் புக் பண்ணிருந்தேன், நல்லவேளை. நாங்க குவைத்ல இருந்து போனது தஹாப், ஷார்ம்ல இருந்து ஒரு மணி நேரம், சத்தம் பிடிக்காதவங்களுக்கு அது தான் ஊரு. அங்க கடலுக்குள்ள ப்ளூ ஹோல்னு ஒரு பெரிய பள்ளம், 100 மீட்டர் கிட்ட ஆழம், 55 மீட்டர்ல பாறைல வளைவு மாதிரி ஒரு ஆர்ச் இருக்கு, அது வழியா போறேன்னு போய் திரும்பாதவங்க பேரெல்லாம் கரைல பாறைல கல்வெட்டா பதிச்சிருக்காங்க. அத படிச்சிட்டு வீட்டுக்காரர் வெட்சூட்ட கழட்டி வெச்சிட்டாரு. ஓரமா மேலாக்க மெதந்து குழாய்ல மூச்சு விட்டுட்டு பாக்குற ஸ்நார்க்கெல் மட்டும் பண்ணோம், அதுவே போதும் சாமி, வெளிர் நீலம் சட்டுனு கருநீலமாகுற எடத்துல கால் தானா பின்னால போகுது.

தயிர்சாதம்:
சைவத்துக்கு என்ன பண்றது ப்ரோ? அம்மா அப்பாவ கூட்டிட்டு போறேன்.

தூத்துக்குடிக்காரன்:
கோஷரி கேளுங்க, சோறு பருப்பு மக்ரோனி கொண்டக்கடலை எல்லாத்தயும் ஒரே தட்டுல கொட்டி தக்காளி சாஸும் வறுத்த வெங்காயமும் போட்டு குடுப்பான், பாக்க பயமா இருக்கும், ரெண்டாவது வாய்ல பிடிச்சிரும். தமீயான்னு நம்ம வடை மாதிரியும் ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு ஊறுகா பாட்டில் எடுத்துட்டு போங்க, ஆனா கைப்பைல வெக்காதீங்க, எங்களுது ஏர்போர்ட்லயே போச்சு.