“கதவு மூடப்படுகிறது”: பேச்சு வராத பிள்ளைகள் பேசிய கதைகள்

லிஃப்ட்காரன் அம்மா:

என் மகனுக்கு இப்போது 7 வயது. அவன் சொன்ன முதல் முழு வாக்கியம் “கதவு மூடப்படுகிறது.” எங்கள் வீட்டில் யாரும் பேசாத செந்தமிழ். லிஃப்டில் வரும் பெண் குரல், அந்த ஏற்ற இறக்கம், கடைசியில் வரும் ‘டிங்’ உட்பட அப்படியே இறங்கியது. அப்போது மூன்றரை வயது. அதுவரை ‘அம்மா’ என்றுகூடச் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் காதைத்தான் சந்தேகப்பட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். லிஃப்ட் சத்தம் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடுவான். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். முதலில் நிம்மதி, வீட்டுக்கு வருவதற்குள் பயம். கேட்கிறது என்றால் ஏன் திரும்பவில்லை? (அதற்காக டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்குக் காதிலும் குறை இருக்கலாம்.)

ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒரு வருஷம் நான் செய்தது இதுதான்: “சொன்னதையே சொல்லாதே” என்று வாயை அடைத்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் இவன் வாசலில் நின்று பத்துத் தடவை “கதவு மூடப்படுகிறது” என்பான். எனக்கு அவமானமாக இருக்கும், உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் தெரபிஸ்ட் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். என்ன சொன்னான், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. நான்கு கட்டம், ஒரு வாரம், அவ்வளவுதான். ஐந்தாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் வந்தபோது, முடி வெட்டப் போனபோது, மிக்ஸி ஓடியபோது என்று அந்த வாக்கியம் வந்த இடமெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கதவு மூடினால் லிஃப்ட் கிளம்பிவிடும் இல்லையா? ‘இங்கிருந்து கிளம்பலாம்’ என்றுதான் பிள்ளை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஒரு வருஷமாக அவன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

இன்னொன்று, தமிழ் பேசுகிற வீடுகளில் பலருக்கு இது இருக்கும். தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து “தண்ணி வேணுமா?” என்று கேட்பான். நாம் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அப்படித்தானே கேட்கிறோம்? அவனுக்கு அந்தக் கேள்விதான் தண்ணீரின் பெயர். 1943-ல் லியோ கானர் என்கிற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது: சொன்னதைத் திருப்பிச் சொல்வது, ‘நான்’ என்கிற இடத்தில் ‘நீ’ என்பது. படித்தபோது என் நோட்டை யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

அதனால் வீட்டில் கேள்வியை நிறுத்தினோம். அவன் டம்ளரைப் பார்த்தால், அவன் சொல்ல வேண்டியதை நாங்களே சொல்லிக் கொடுத்தோம்: “தண்ணி வேணும்.” என் கணவர் இரண்டு நாளில் பழகிவிட்டார். என் மாமியாருக்கு மட்டும் வரவே இல்லை. “குழந்தைகிட்ட கேக்காம எப்படிடி கொடுக்கிறது?” என்பார். மூன்றாம் வாரம் அவன் “தண்ணி வேணுமா வேணும்” என்றான். இரண்டையும் ஒட்டிவிட்டான்! நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.

இரண்டாவது ஷிஃப்ட் அப்பா:

மகளுக்கு 9 வயது. வாயால் வருவது நாலைந்து சொல்தான். டேப்லெட்டில் படத்தை அழுத்தினால் அது பேசும். தெரபிஸ்ட் இதைச் சொன்னபோது நான் ஒரே பிடியாக மறுத்தேன். மிஷின் பேசினால் பிள்ளை பேச மாட்டாள் என்று பயம். அவர் 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைக் காட்டினார். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படமோ சைகையோ கருவியோ கொடுத்த பழைய ஆய்வுகளை அலசியிருந்தார்கள். நம்பும்படியான தரவு இருந்தது 27 பேருக்கு. அதில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. சரி, பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

நான் சொல்ல வந்தது வேறு. அவள் முதலில் பிடித்துக்கொண்ட பட்டன் ‘வேண்டாம்’. குளிக்க, உடுத்த, தலை வார, எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இரவு வேலை முடிந்து வந்து தூங்கப்போகிற எனக்குத் தலை வெடித்தது. ஒரு நாள் அந்தப் பட்டனை மறைத்து வைத்துவிட்டேன். அடுத்த வகுப்பில் தெரபிஸ்ட் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: “வாயால வேண்டாம்னு சொல்ற பிள்ளையா இருந்தா வாயைக் கட்டியிருப்பீங்களா சார்?”

பட்டனைத் திருப்பி வைத்தேன். அதோடு, அவள் வேண்டாம் என்றால் முடிந்த இடத்திலெல்லாம் நிறுத்தினோம். முடியாத இடத்தில் “வேண்டாம்னு சொல்றே, கேட்டுச்சு, ஆனா மருந்து போடணும்” என்று சொல்லிவிட்டுச் செய்தோம். கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் கடிப்பது குறைந்தது. என் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது, புதிதாக ஒன்றும் சேரவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: சார்ஜ் தீர்ந்துபோகும். எங்களுக்கு அது டாக்டர் அறை வாசலில் நடந்தது. அன்றிலிருந்து அதே பக்கங்களை அச்செடுத்து லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறோம். குரலும் ஒரு தொல்லை. அதில் இருந்த தமிழ்க் குரல் செய்தி வாசிக்கிற ஆண் மாதிரி இருந்தது. அவள் வயதுள்ள பெண் பிள்ளை ஒருத்தியை உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தோம்.

புது அம்மா:

மகனுக்கு 5 வயது முடிகிறது. ஒற்றைச் சொல் பத்துதான். 5 வயதுக்குள் வராத பேச்சு இனி வராது என்று உறவினர் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

பேச்சுப் பயிற்சி 14 வருஷம்:

இல்லை, அம்மா. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 4 வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத, ஆட்டிசம் உள்ள 535 பிள்ளைகளை 8 வயதுக்கு மேல் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த 70-க்குள்ளேயே, மொத்தத்தில் 47 சதவீதம் பேர் சரளமாகப் பேசினார்கள். மீதி 30 சதவீதமும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று யாராலும் இன்று சொல்ல முடியாது. அதனால்தான் பேச்சு வருமா என்று காத்துக்கொண்டு மட்டும் இருக்காமல், படமோ சைகையோ இன்றே கையில் கொடுங்கள் என்கிறோம்.

என் பங்குக்கு ஒரு சம்பவம். ஒரு தாய், பிள்ளையோடு விளையாடுவதை 5 நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பினார். நல்ல தாய், உயிரைக் கொடுப்பவர். அதில் அவர் கேட்ட கேள்விகளை எண்ணினேன். இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? 40-க்கு மேல் போனது. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விநாடிகூட இல்லை. நானும் அவருமாக அதையே பார்த்தோம். பாதியில் “நான் பரீட்சை வைக்கிறேன்ல?” என்று அவரே கேட்டார்.

மறுவாரம் அவருக்கு ஒரே வேலை கொடுத்தேன். சோப்புக் குமிழி ஒன்றை ஊது, மூடியை இறுக்கு, பிள்ளை முகத்துக்கு நேராக உட்காரு, மனசுக்குள் பத்து வரை எண்ணு. வாயைத் திறக்கக் கூடாது. ஏழு எண்ணும்போது பிள்ளை டப்பாவைத் தொட்டு, அவர் முகத்தைப் பார்த்தான். அந்த ஏழு விநாடி அவருக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

இன்னொரு விஷயம். ஒரு நாள் ‘அம்மா’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அப்புறம் ஆறு மாதம் சொல்லாத பிள்ளைகள் உண்டு. “சொல்லத் தெரியும், வேணும்னே அடம்” என்பார்கள். பல நேரம் அது அடம் இல்லை. அப்ராக்ஸியா என்று ஒன்று இருக்கிறது: தசையில் பலவீனம் இல்லை, ஆனால் எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று மூளை திட்டமிடுவதில் சிக்கல். உதடு தேடும், நாக்கு தடவும், ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். அதற்குப் பயிற்சியே வேறு.

பந்து:

நான் ஆட்டிசம் உள்ளவன், வயது 26. பேச ஆரம்பித்தது கிட்டத்தட்ட 6 வயதில். என் முதல் சொல் ‘பந்து’. அது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னதும் அம்மா கத்தினார், பாட்டி கைதட்டினார், அப்பா என்னைத் தூக்கி மேலே வீசினார். எனக்கு வேண்டியிருந்தது பந்து. கிடைத்தது சத்தம். பந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதற்கப்புறம் பல மாதம் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

பிள்ளை கேட்டதைக் கொடுங்கள். அழுகை, கைதட்டல் எல்லாம் அடுத்த அறையில்.

மனசு ஆறாதவள்:

என் கதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம் என்றார்கள் ஓரிடத்தில். உடம்பில் உலோகம் சேர்ந்திருக்கிறது, மருந்து ஏற்றி வெளியே எடுத்தால் பேசுவான் என்றார்கள். நகையை அடகு வைக்கப் போன இடத்தில் என் தம்பி தடுத்தான். 2005-ல் அமெரிக்காவில் இதே சிகிச்சையில் ஆட்டிசம் உள்ள 5 வயதுப் பையன் இறந்துபோனான் என்று அவன்தான் தேடிக் காட்டினான். நல்லவேளை.

இப்போது இன்னொருவர், பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் டைப் செய்ய வைக்கிறேன், உள்ளே கவிதையே இருக்கிறது என்கிறார். நம்பலாமா?

பேச்சுப் பயிற்சி 14 வருஷம்:

நம்ப வேண்டாம். 1990-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கை பிடிப்பவருக்கு ஒரு படம், பிள்ளைக்கு வேறு படம் காட்டினார்கள். பலகையில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை, தன் கைதான் நகர்த்துகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஆனால் பிள்ளையின் வாயில் அடுத்தவர் பேச்சைத் திணிப்பதுதான் அங்கே நடக்கிறது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமும் 2018-ல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. தானாக விரலை நீட்டி ஒரு படத்தைத் தொடட்டும். ஒரே ஒரு படம் என்றாலும் அது அவனுடையது.

லிஃப்ட்காரன் அம்மா:

பந்து தம்பி, உங்கள் பதிவை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். என் மாமியார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், தனியாக இரண்டு பேர். அவர் இன்னும் மாறவில்லை, “தண்ணி வேணுமா?” என்றுதான் கேட்கிறார். நோட்டைப் புரட்டியபோது போன வாரம்தான் கவனித்தேன். பையன் என்னிடமும் அவன் அப்பாவிடமும் “தண்ணி வேணும்” என்கிறான். பாட்டியிடம் போனால் மட்டும் டம்ளரை நீட்டி, அவர் குரலிலேயே, “தண்ணி வேணுமா?” என்கிறான்.