பொருள்: செல் சுழற்சியின் ‘செக்பாயின்ட்’: சாவடியா, காவலா?

> ‘செக்பாயின்ட்’டுக்குச் ‘சோதனைச்சாவடி’ எல்லோருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். சாவடி என்றால் ஓரிடத்தில் நிற்பது. இங்கே டி.என்.ஏ. சேதப்பட்டால், செல் பிரிவதற்கு முந்தைய ஜி1, எஸ் (டி.என்.ஏ. நகலாகும் கட்டம்), ஜி2 எந்தக் கட்டத்திலும் தடை விழலாம். எஸ் கட்டத்தில் முழுத் தடைகூட இல்லை. நகலெடுப்பு மந்தமாகும், அவ்வளவே.

ஆய்வாளர்கள் வெய்னர்ட்டும் ஹார்ட்வெல்லும் 1988இல் ஈஸ்டில் காட்டியதைப் பாருங்கள். எக்ஸ் கதிர் பட்ட இயல்பான ஈஸ்ட் ஜி2வில் நின்று, பழுது நீக்கிக்கொண்டு, பிறகு பிரிந்தது. ராட்9 என்ற மரபணு கெட்ட ஈஸ்ட் நிற்காமல் பிரிந்து செத்தது. அதையே, செல் பிரிவுக்கு வேண்டிய நுண்குழல்களைக் குலைக்கும் மருந்தால் சில மணி நேரம் பிடித்து வைத்தபோது பெருமளவு பிழைத்தது. ஆக, பழுதுநீக்கும் புரதங்கள் சரியாகவே இருந்தன. ‘பொறு’ என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்த ஆளுக்கே பெயர் தேடுகிறோம். ‘காவல்’ என்பது என் முன்மொழிவு: சேதக் காவல், ஜி2 காவல்.

> ‘இடைநிறுத்தம்’ ஏன் கூடாது?

அது விளைவு. டி.என்.ஏ.வின் இரட்டை இழை முறிந்தால் ஏடிஎம் என்ற புரதம் விழிக்கும். ஒற்றை இழை வெளிப்பட்டு ஆர்பிஏ புரதம் அதைப் போர்த்தினால் ஏடிஆர் என்ற புரதம் விழிக்கும். ஏடிஆர் சிஎச்கே1 புரதத்தை முடுக்கும், அது சிடிசி25 புரதத்தை முடக்கும். செல்லைப் பிரியத் தூண்டும் சிடிகே1 புரதத்தின் மேலுள்ள தடைப் பாஸ்பேட்டைச் சிடிசி25 கழற்றாததால் செல் பிரியாமல் நிற்கும். கடைசியில் உள்ள அந்த ‘நிற்கும்’ மட்டுமே நிறுத்தம். முந்தியதெல்லாம் காவல்.

---

மறுமொழி: ‘காவல்’ என்ற சொல்லுக்கு ஒப்புகிறேன். ஆனால் அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்று உண்டு. பழுது நீங்கியபின் சுழற்சி தொடர்வது வேறு, நீங்காமலே தொடர்வது வேறு. ஈஸ்டில் சீர்செய்யவே முடியாத ஒரு முறிவை உண்டாக்கினால், பல மணி நேரம் காத்திருந்துவிட்டு முறிவோடே பிரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அடாப்டேஷன்’ எனப்படும் இதைத் ‘தகவமைப்பு’ என்று எழுதினால் மாணவர் பாலைவனத்து ஒட்டகத்தை நினைப்பார். முன்னதற்குக் ‘காவல் விலக்கம்’, பின்னதற்குக் ‘காவல் தளர்வு’ என்னலாம்.

புற்றுநோய் மருத்துவத்தில் வரும் பிடி-1 என்ற ‘செக்பாயின்ட்’ புரதத்துக்கு மட்டும் இச்சொல் வேண்டாம். அது நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லுக்குப் பூட்டிய கடிவாளம். இரண்டையும் காவல் என்றால், ‘காவல் தடுப்பி’ என்று படிப்பவருக்கு அது சிஎச்கே1ஐத் தடுப்பதா, பிடி-1ஐத் தடுப்பதா என்று தெரியாது. அங்கே ‘கடிவாளத் தடுப்பி’ என்றே எழுதுவோம். சிஎச்கே1 போன்ற புரதப் பெயர்களை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம்.