மல்பெரியில் மாவுப்பூச்சி, அதே செடியில் கொண்டைக்குருவிக் கூடு: மருந்து அடிக்காமல் என்ன செய்யலாம்?

பெரம்பூர் மாடி:
வணக்கம். நீல டிரம்மைப் பாதியாக அறுத்து மொட்டை மாடியில் மல்பெரி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மார்ச்சில் நன்றாகக் காய்த்தது. கறுத்த பழம் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும், அந்த ஊதாக் கறை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடுவாள்.

இப்போது நுனிக் கொழுந்தெல்லாம் சுருண்டு, கரும்பச்சையாகத் தடித்து, கொத்துக் கொத்தாக நிற்கிறது. பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு, தண்டில் எறும்பு வரிசை. நர்சரியில் கேட்டதற்கு ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நடுக்கிளையில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருக்கிறது. எனக்கு அடிக்க மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

மடிப்பாக்கம்:
அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள் மேடம். கொண்டைக்குருவி பழம் தின்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும் பிடித்து ஊட்டும். இலையில் அடித்த விஷம் அப்படியே குஞ்சின் வாய்க்குப் போகும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இந்தச் சுருட்டலை ‘துக்ரா’ என்பார்கள். சுருண்ட நுனிகளைக் கையால் கிள்ளி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மாடியில் சும்மா எறிந்தால் திரும்ப ஏறிவிடும். தாய்ப்பறவை இரை தேடப் போகும் நேரம் பார்த்து, கூட்டை ஒட்டிய கிளைகளைத் தொடாமல் செய்யுங்கள். வேப்பெண்ணெய் (லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல்) எல்லாம் குஞ்சு பறந்த பிறகு, அதுவும் சாயங்காலம். மே வெயிலில் அடித்தால் இலை கருகும்.

ஆவடி:
எறும்பை நிறுத்துங்கள் அக்கா, பாதி வேலை முடிந்தது. மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கசிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், எதிரிப் பூச்சியை நெருங்க விடாது. நான் பழைய துணியைத் தண்டில் சுற்றி, அதன்மேல் வாசலின் தடவினேன். நேரே பட்டையில் தடவ வேண்டாம். சுவரைத் தொடும் கிளை இருந்தால் அதையும் வெட்டுங்கள், எறும்புக்கு அதுதான் பாலம்.

மடிப்பாக்கம்:
ஒன்றை மறந்துவிட்டேன். கொல்லும் முன் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீள நீளமாக வெள்ளை மெழுகு இழைகளோடு விறுவிறுவென்று ஓடினால் அது மாவுப்பூச்சியே அல்ல. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே மல்பெரித் தோட்டங்களில் அதை விடுவார்கள். வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கமும் இறக்கை நுனியும் ஆரஞ்சாக இருக்கும். எங்கள் வீட்டில் தெரியாமல் அதையும் நசுக்கியிருக்கிறோம், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

பெரம்பூர் மாடி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று முட்டையில் இரண்டு பொரித்து, போன செவ்வாய் குஞ்சுகள் பறந்துவிட்டன. வெள்ளையாக ஓடியதையும் பார்த்தோம் சார்! மகள்தான் லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்தாள், பத்துக்கு மேல் இருந்தது. அதனால் வேப்பெண்ணெயும் அடிக்கவில்லை. புதுத் துளிர் சுருளாமல் வருகிறது. இனி கவாத்து செய்யலாமா? அடுத்த தடவை பழத்துக்கு வலை கட்டச் சொல்கிறார்கள், அது சரியா?

ஆவடி:
தாராளமாகச் செய்யுங்கள் அக்கா. மல்பெரி புதுக்கிளையில்தான் காய்க்கும். இலையை உருவி, கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் சில வாரத்தில் துளிரோடு பிஞ்சும் வரும். ஆனால் வெட்டின செடியை இந்த வெயிலில் காய விடாதீர்கள், காலை மாலை தண்ணீர் வேண்டும். பொறிவண்டுப் புழு இருக்கும் கிளைகளைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

நைலான் வலை வேண்டவே வேண்டாம், அணிலும் குருவியும் கால் சிக்கிச் செத்துப்போகும். மகளுக்கு வேண்டிய நாலு கிளைக்கு மட்டும் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். மீதி குருவிக்கு. பக்கத்தில் மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும்.