வன்னியிலிருந்து தொல்லியலும் மானிடவியலும் படிக்கச் செல்பவர்களுக்கு வழிகாட்டுவீர்களா?

ஒட்டுசுட்டான் மாணவி:

வணக்கம். கலைப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். சென்ற மாரிமழை எங்கள் வயலோரக் குளக்கட்டை அரித்த இடத்தில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான மட்பாண்ட ஓடுகள் பத்துப் பன்னிரண்டு வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். அதன் விளிம்பில் விரல் பதிந்தது போன்ற ஒரு குழிவு இருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் இந்தச் சட்டியை வனைந்தவர் யார் என்ற எண்ணமே வருகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலில் அம்மம்மா செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் காரணம் கேட்கும் பழக்கமும் எனக்கு உண்டு. முதலாவது ஆர்வம் தொல்லியல் என்றும், இரண்டாவது மானிடவியல் என்றும் ஆசிரியர் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா? வேலை கிடைக்குமா என்று அம்மா அஞ்சுகிறார்.

யாழ். பல்கலைக்கழகப் பழைய மாணவர்:

தங்கச்சி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொல்லியல் பெரும்பாலும் மானிடவியலின் ஒரு கிளையாகவே கற்பிக்கப்படுகிறது. நம் நாட்டில் இரண்டும் வெவ்வேறு வாசல்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் வரலாற்றுத் துறையோடு சேர்ந்தது. மானிடவியலின் பக்கம் போக விரும்பினால் சமூகவியலைத் துணைப் பாடமாக எடுக்க இடமுண்டா என்று அனுமதியின்போதே விசாரியுங்கள். பேராதனையிலும் களனியிலும் தொல்லியலுக்குத் தனித் துறைகள் உள்ளன. ஸ்ரீ ஜயவர்தனபுரத்தில் சமூகவியலும் மானிடவியலும் கற்பிக்கப்படுகின்றன. வேலையைப் பொறுத்தவரை அம்மாவின் அச்சம் நியாயமானது: தொல்பொருள் திணைக்களம், அரும்பொருளகம், ஆசிரியப் பணி என்று வழிகள் இருந்தாலும் இடங்கள் குறைவு. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் முதலாம் ஆண்டிலிருந்தே கற்றால் அந்த வழிகள் அகலும். நான் அதைத் தாமதமாகவே செய்தேன், அதன் இழப்பை இன்றும் உணர்கிறேன்.

களப்பணியாளர்:

நான் அந்த ஓட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்று எட்டாத உட்புறமும் விளிம்பும் கறுக்கின்றன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது என்பதே இந்த இரு நிறத்துக்குச் சொல்லப்படும் பொதுவான விளக்கம். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பு ஈமத் தாழிக்காட்டிலும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த ஆனைக்கோட்டையிலும் இவ்வகை மட்பாண்டம் கிடைத்திருக்கிறது. ஆனைக்கோட்டையில் ஓர் எலும்புக்கூட்டோடு முத்திரை ஒன்றும் வெளிப்பட்டது. அந்த முத்திரை கடைத்தெருவில் விற்பனைக்கு வந்திருந்தால் அதை ஓர் அழகிய பழம்பொருள் என்றே நாம் அறிந்திருப்போம்; எந்தப் புதைப்பில், எந்த மண்படையில் (மண்ணடுக்கில்), எவற்றோடு கிடந்தது என்பது தெரிந்ததனாலேயே அது வரலாற்றுச் சான்றாக நிற்கிறது.

ஆகவே மிஞ்சிய ஓடுகளை எடுக்காதீர்கள், தோண்டவும் வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியாயினும் தொல்பொருளைத் தேடி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள். கட்டின் எந்தப் பக்கம், மேலிருந்து எவ்வளவு ஆழம் என்பதை எழுதிவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் கடிதமாக அறிவியுங்கள். வன்னியில் பதுங்கு குழிகளும் மண் அணைகளும் கனரக இயந்திரங்களும் பல இடங்களில் மண்படைகளைப் புரட்டிப் போட்டுவிட்டன. குளக்கட்டு மண்ணும் வேறிடத்திலிருந்து வெட்டிக் கொட்டப்பட்டதாக இருக்கலாம். மண் எங்கிருந்து வந்தது என்று ஊரின் மூத்தவர்களிடம் கேட்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காட்டோரங்களுக்கு மட்டும் ஓடு தேடிப் போகாதீர்கள்.

முல்லைத்தீவு ஆசிரியை:

பிள்ளை, மூத்தவர்களிடம் கேட்பது என்று மேலே தம்பி சொன்னதையே மானிடவியல் தன் முதன்மை முறையாகக் கொண்டிருக்கிறது. பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் அநுராதபுரத்துக்கு வடக்கே புல் எலிய என்னும் குளத்துக் கிராமத்தில் தங்கி, குளத்து நீரும் வயற்காணியும் உறவுமுறையோடு எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்து எழுதிய நூல் 1961இல் வெளிவந்தது. நம் ஊர்களும் குளத்தை நம்பிய ஊர்கள்தாம். அதைப் படிக்கும்போது துருசும் (மதகும்) வாய்க்காலும் உங்கள் கண்முன் நிற்கும். பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றிப் பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாதையில் யார் எங்கே நிறைகுடம் வைக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கடமை, இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அக்கடமையை யார் ஏற்றார்கள் என்பவற்றை அம்மம்மாவிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு அவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் மாணவி:

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. கிடந்த இடத்தைக் குறிக்காமல் ஓட்டை எடுத்தது பிழை என்று இப்போது விளங்குகிறது. இன்று மாலை அம்மம்மாவோடு கட்டுக்குப் போனேன். அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன்; கட்டின் மேலிருந்து இரண்டரை அடி ஆழம். தான் சிறுமியாக இருந்தபோது உடைந்த கட்டுக்குக் கிழக்கு மேட்டிலிருந்துதான் கூடைகூடையாக மண் சுமந்தார்கள் என்று அம்மம்மா சொன்னார். அந்த மேடு இன்னும் உழப்படாமல் கிடக்கிறது. கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதப் போகிறேன்.