புதுப்பிப்பு: டெஃபில் சான்றிதழா, செல்டாவா? செல்டா முடித்துவிட்டேன்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க மலிவான 120 மணி நேர ஆன்லைன் டெஃபில் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் போதுமா, கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் பயிற்சியான செல்டாவே வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

"பணம் கட்டறதுக்கு முன்னாடி, நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வைப்பாங்களான்னு கேளுங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. நான் விசாரித்த மலிவான கோர்ஸில் அது இல்லை. செல்டாவில் 6 மணி நேரம் அப்படி வகுப்பு எடுப்பது கட்டாயம், கூடவே 4 எழுத்துப் பணிகள். வேளச்சேரி வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்தேன். போன வாரம் சான்றிதழ் வந்தது.

எதிர்பாராத விஷயம்: இலக்கணம் தெரிந்திருந்தும் முதல் வகுப்பில் திணறினேன். "புரிந்ததா?" என்றேன், எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படிக் கேட்கவே கூடாது என்றார் பயிற்சியாளர். அடுத்த வகுப்பில் 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதி, "இவர் இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா?" என்று கேட்டேன். சரியான பதில் "ஆமாம்", ஆனால் பாதிப் பேர் "இல்லை" என்றார்கள்! எதை விளக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தேடி வருபவர்களுக்கு இன்னொன்று. தென் கொரியத் தனியார் பயிற்சி மையங்களில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். செல்டா இருந்தாலும் நமக்குக் கிடைக்காது. நாட்டை முடிவு செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டிகிரிக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்துக்குத் தரும் அரசுச் சான்று) தேவைப்பட்டால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நான் அதற்காக சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போனேன்.